பெயர் எழுத வேண்டாத தாள்

பள்ளிக்கூடத்தில் நம் கைக்கு வரும் எந்தத் தாளிலும் முதல் வேலை பெயர் எழுதுவதுதான். பெயர், வகுப்பு, பிரிவு, தேர்வு எண். இவை இல்லாவிட்டால் உள்ளே எவ்வளவு சரியாக எழுதியிருந்தாலும் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. ஆனால், அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிகளில் 1991 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கொடுக்கப்படும் ஒரு வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே, பெயரை எழுத வேண்டாம் என்ற அறிவுறுத்தல் இருக்கிறது. அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாடு, தடுப்பு மையமான சி.டி.சி. நடத்தும் கணக்கெடுப்பு அது. 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிப்பவர்கள் ஒரு பாடவேளைக்குள் நிரப்பிவிடலாம். தூக்கம், சாப்பாடு முதல் மது, பாலுறவு, காதலனின் அடி, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை, வீட்டில் பேச முடிந்ததையும் முடியாததையும் அது கேட்கிறது.

இந்தத் தாளின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, 1991க்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் போக வேண்டியிருந்தது. பெண்கள் படிக்கலாமா, படித்தால் அவர்கள் உடம்பு தாங்குமா என்ற சண்டையில் கொண்டுபோய் விட்டது அந்தத் தேடல். பெண்களின் உடல்நலத்தைப் பற்றிப் பெண்களிடமே கேட்கலாம், பலரிடம் கேட்கலாம், யார் என்று காட்டிக்கொடுக்காமல் கேட்கலாம் என்ற எண்ணம் அந்தச் சண்டையில்தான் ஓர் ஆயுதமாகத் தீட்டப்பட்டது என்பது என் வாசிப்பு.

ஏழு பெண்களை வைத்து ஒரு தீர்ப்பு

1873ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ஒரு சிறிய புத்தகம் வெளியானது. எழுதியவர் எட்வர்ட் கிளார்க். ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அவருடைய வாதம் இதுதான்: உடம்பில் இருக்கும் சக்தி ஓர் அளவுதான். பருவமடையும் வயதில் ஒரு பெண்ணின் சக்தி கருப்பை, சினைப்பை வளர்ச்சிக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் அவள் ஆண்களைப் போல உட்கார்ந்து படித்தால் ரத்தம் மூளைக்குப் போய்விடும். பிள்ளை பெறும் உறுப்புகள் வாடிப்போகும். ஆகவே பெண்களுக்குப் படிப்பு நேரத்தைக் குறைக்க வேண்டும், மாதவிடாய் நாட்களில் ஓய்வு கொடுக்க வேண்டும், ஆண்களோடு சேர்த்துப் படிக்க வைக்கக் கூடாது.

ஆலைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்த பெண்களைப் பற்றி அவருக்கு இவ்வளவு கவலை இல்லை. அவர்கள் மூளைக்கு வேலை கொடுப்பதில்லை, அதனால் அவ்வளவு கெடுதல் இல்லை என்றார். கருப்பையைக் கெடுப்பது பன்னிரண்டு மணி நேர உழைப்பு அல்ல, பாடப்புத்தகம்தான் என்று ஒரு மருத்துவர் சொன்னார், ஊரே நம்பியது. பதிமூன்று ஆண்டுகளில் அந்தப் புத்தகம் பதினேழு பதிப்புகள் கண்டது. பின்னாளில் பிரின் மார் கல்லூரியின் தலைவரான எம். கேரி தாமஸ், தன் தலைமுறைப் பெண்களை அந்தப் புத்தகம் பேயைப் போலத் துரத்தியதாக நினைவுகூர்ந்தார்.

இவ்வளவுக்கும் கிளார்க் காட்டிய ஆதாரம் ஏழு பெண்கள். தன்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்கள் என்றார். பெயர் சொல்லவில்லை. மிஸ் ஏ, மிஸ் டி என்று முதலெழுத்து மட்டும் போட்டார். இந்த 'மிஸ் டி' பதினான்கு வயதில் வாஸர் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தாள், மாதவிடாய் நாட்களிலும் உடற்பயிற்சி செய்து கெட்டுப்போனாள் என்பது அவர் சொன்ன கதை. மறு ஆண்டே ஜூலியா வார்ட் ஹோவ் தொகுத்த மறுப்பு நூலில் வாஸர் கல்லூரியின் மருத்துவர் அலிடா ஏவரி பதில் எழுதினார். அந்த வயதில் நாங்கள் யாரையும் கல்லூரி வகுப்பில் சேர்ப்பதில்லை, மாதவிடாயின் முதல் இரண்டு நாட்கள் உடற்பயிற்சிக்கே அனுமதி கிடையாது என்று விதிகளை எடுத்துக்காட்டினார்.

பெயரை மறைப்பதில் இரண்டு விதம் உண்டு. 'மிஸ் டி'க்குப் பெயர் இல்லை, குரலும் இல்லை. அவளுக்காக மருத்துவர் பேசுகிறார். அவள் வந்து 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று மறுக்க வழியில்லை. அங்கே மறைப்பு பாதுகாப்பது மருத்துவரை. அதே மறைப்பைப் பெண்ணின் பக்கம் திருப்ப முடியுமா என்ற கேள்விக்கு மூன்றே ஆண்டுகளில் ஒரு பதில் வந்தது.

ஆயிரம் தாள்கள், 268 பதில்கள்

மேரி புட்னம் ஜேக்கபி பாரிஸ் மருத்துவக் கல்லூரியில் அனுமதிக்கப்பட்ட முதல் பெண். 1871இல் அங்கே பட்டம் பெற்று நியூயார்க் திரும்பினார். மாதவிடாயின்போது பெண்களுக்கு மனத்துக்கும் உடலுக்கும் ஓய்வு தேவையா, எந்த அளவுக்குத் தேவை என்பதை ஹார்வர்ட் தன் பாய்ல்ஸ்டன் பரிசுக்குத் தலைப்பாக அறிவித்தது. கிளார்க்கின் புத்தகம் கிளப்பிய புழுதி அது. ஜேக்கபி ஆயிரம் வினாத்தாள்களை அச்சடித்து அனுப்பினார். 268 பேர் பதில் எழுதினார்கள். வலி உண்டா, எவ்வளவு, படிப்பு என்ன, வேலை என்ன, உடற்பயிற்சி உண்டா என்ற கேள்விகளுக்குப் பெண்கள் தாங்களே எழுதிய பதில்கள். அதோடு நிற்காமல், சில பெண்களின் நாடித்துடிப்பையும் தசை வலிமையையும் மாதம் முழுக்கக் கருவிகளால் அளந்தார்.

பதில் தந்தவர்களில் 35 சதவீதம் பேர் தங்களுக்கு வலியோ சோர்வோ இருந்ததே இல்லை என்றார்கள். மீதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இருந்தது. அதை ஜேக்கபி மறைக்கவில்லை. நல்ல சாப்பாடும் உடற்பயிற்சியும் இருக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் என்பதற்காகவே ஓய்வு தேவைப்படுவதில்லை என்பது அவர் முடிவு. வலிக்கிற பெண்ணுக்கு வைத்தியம் வேண்டும், ஆனால் அவள் வலியைக் காரணம் காட்டி எல்லாப் பெண்களின் பள்ளிக்கூடத்தையும் மூட வேண்டாம் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

அந்தப் போட்டியின் விதிப்படி கட்டுரையில் எழுதியவர் பெயர் இருக்கக் கூடாது. ஜேக்கபியும் பெயரில்லாமல்தான் அனுப்பினார். 1876இல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பெண் மாணவிகளையே சேர்க்காத ஒரு மருத்துவக் கல்லூரியின் பரிசு! ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்தது 1945இல்தான். பெயர் தெரிந்திருந்தால் நடுவர்கள் அந்தக் கட்டுரையை வேறு கண்ணால் படித்திருப்பார்களோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த அடியைப் பட்டதாரிப் பெண்களே எடுத்து வைத்தார்கள். 1880களின் தொடக்கத்தில் பாஸ்டனில் உருவான கல்லூரிப் பட்டதாரிப் பெண்கள் சங்கம், அன்னி ஹோவ்ஸ் தலைமையில் ஒரு குழு அமைத்து 1,290 பட்டதாரிகளுக்கு வினாத்தாள் அனுப்பியது. 705 பேர் நிரப்பி அனுப்பினார்கள். பெண்களே எண்ணினால் பெண்களுக்குச் சாதகமாக எண்ணிவிட்டார்கள் என்று சொல்வார்கள் அல்லவா? அதனால் தாள்களை மாசசூசெட்ஸ் அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையிடம் கொடுத்துக் கூட்டச் சொன்னார்கள். 1885இல் அறிக்கை வந்தது. சுமார் 78 சதவீதம் பேர் நல்ல உடல்நலத்தோடு இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கல்லூரிக் காலத்தில் உடல்நலம் குறைந்தவர்கள் ஏறத்தாழ 20 சதவீதம், கூடியவர்கள் 21 சதவீதம், மாற்றம் இல்லாதவர்கள் 59 சதவீதம். படிப்பு யாரையும் கொல்லவில்லை.

இங்கிலாந்தில் எலினார் சிட்ஜ்விக் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவிகளின் உடல்நலத்தை, கல்லூரிக்குப் போகாத அவர்களுடைய சொந்த அக்கா தங்கைகளின் உடல்நலத்தோடு ஒப்பிட்டு 1890இல் வெளியிட்டார். அதே வீடு, அதே சாப்பாடு, அதே பெற்றோர். வித்தியாசம் படிப்பு மட்டும். படித்தவர்கள் எந்த வகையிலும் பின்தங்கியிருக்கவில்லை.

இந்தக் கணக்குகளில் யார் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஆலைப் பெண்கள் இல்லை. அடிமைமுறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்த கறுப்பினப் பெண்களைத் தேடிப் போய் யாரும் கேட்கவில்லை. பட்டம் வாங்கிய, தபாலில் பதில் போட நேரம் இருந்த பெண்களின் கணக்கு இது. நோயால் படிப்பை விட்டவர்கள் பட்டதாரிகள் பட்டியலிலேயே வரமாட்டார்கள். யாரிடம் கேட்கிறோம் என்பதே பாதி விடையைத் தீர்மானித்துவிடுகிறது. இந்தக் குறை இன்றைய கணக்கெடுப்புகள் வரை தொடர்கிறது.

யார் கையெழுத்துப் போட வேண்டும்?

கேள்வித்தாள் கல்லூரியிலிருந்து பள்ளி வகுப்பறைக்கு வந்து நிலைபெற இன்னொரு நூற்றாண்டு ஆனது. 1983-84இல் இங்கிலாந்து, ஃபின்லாந்து, நார்வே ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து 11, 13, 15 வயது மாணவர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு நடக்கும் அந்தக் கணக்கெடுப்பு இன்று ஐம்பது நாடுகள் அளவுக்குப் பரவியிருக்கிறது. எய்ட்ஸ் அச்சம் உச்சத்தில் இருந்த நேரத்தில் அமெரிக்காவின் சி.டி.சி. கணக்கெடுப்பு பிறந்தது.

அதே 1991இல் இன்னொரு பெரிய ஆய்வு அங்கே கருவிலேயே கலைக்கப்பட்டது. பதின்பருவத்தினரின் பாலுறவு நடத்தையைப் பற்றி ஏழாம் வகுப்பு முதல் கேட்க இருந்த, சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர் மதிப்புள்ள திட்டம். பிள்ளைகளிடம் இதையெல்லாம் கேட்பதா என்று பழைமைவாதிகள் கொதித்தார்கள். சுகாதார அமைச்சர் லூயிஸ் சலிவன் ரத்துசெய்தார். கேட்டாலே கெட்டுப்போவார்கள் என்ற இந்த வாதத்தையும், படித்தாலே கெட்டுப்போவார்கள் என்ற கிளார்க்கின் வாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னர் 1993இல் நாடாளுமன்றமே உத்தரவிட்டு, இன்னும் விரிவான ஒரு வளரிளம் பருவ ஆய்வு தொடங்கியது. பள்ளிகளில் மட்டும் 90,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் வினாத்தாள் நிரப்பினார்கள். வீடுகளில் நடந்த பேட்டியில் கூச்சம் தரும் கேள்விகளை மாணவர்கள் காதில் மாட்டிய ஒலிபெருக்கியில் கேட்டு, மடிக்கணினியில் தாங்களே பதில் பதிந்தார்கள். பக்கத்து அறையில் அம்மா இருந்தாலும் கேள்வி அவர் காதில் விழாது.

இந்தச் சிறிய ஏற்பாடு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நான் படித்த பள்ளியில் வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்கும். எடை பார்க்கும் கருவி வகுப்புக்கு முன்னால் இருக்கும். ஒருவர் எடையை உரக்கச் சொல்ல, வகுப்புத் தலைவி நோட்டில் எழுதுவாள். பெரிய பெண்களிடம் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்றும் அதே வரிசையில் வைத்தே கேட்பார்கள். ஒருத்தி விடாமல் எல்லோரும் "வருது மிஸ்" என்றோம். மூன்று மாதமாக வராதவளும் அதைத்தான் சொன்னாள். அந்த நோட்டின்படி எங்கள் வகுப்பில் ஒரு பெண்ணுக்கும் ஒரு குறையும் இல்லை.

அமெரிக்காவில் சண்டை பிறகு பெற்றோரின் கையெழுத்தைச் சுற்றி வந்தது. சில இடங்களில் பெற்றோர் 'வேண்டாம்' என்று எழுதித் தந்தால் மட்டும் பிள்ளைக்கு விலக்கு. சில இடங்களில் 'சம்மதம்' என்று எழுதித் தந்தால் மட்டுமே பிள்ளைக்குத் தாள். நியூஜெர்சி மாநிலத்தின் ரிட்ஜ்வுட் ஊரில் 1999இல் 7 முதல் 12ஆம் வகுப்பு வரை பெயரில்லா வினாத்தாள் கொடுத்தபோது சில பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளி நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால், அதற்குள் 2002இலேயே அந்த மாநிலம் எழுத்துமூலச் சம்மதத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டுவிட்டது.

பெற்றோரின் கவலையை நான் கேலி செய்யவில்லை. நம் பிள்ளையிடம் யார் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு. தாளை முன்கூட்டியே காட்ட வேண்டும், விலகிக்கொள்ள வழி வேண்டும், விருப்பமில்லாத கேள்வியை மாணவியே விட்டுவிடலாம் என்று சொல்ல வேண்டும். ஆனால், கையெழுத்து வந்தால்தான் தாள் என்றால் பங்கேற்பு சரிகிறது என்பது இத்துறையில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். யார் விடுபடுகிறார்கள் என்று யோசியுங்கள். வீட்டுக்குள்ளேயே துன்பப்படும் பெண், அந்தத் துன்பத்தைத் தருபவரிடம் போய் 'இதில் கையெழுத்துப் போடுங்கள்' என்று நிற்க வேண்டியிருக்கும்.

அந்தத் தாள்கள் கொண்டுவந்த எண்களையும் பார்ப்போம். 2011இல் அமெரிக்க மாணவிகளில் 36 சதவீதம் பேர் தொடர்ந்து சோகமாக, நம்பிக்கையற்று உணர்ந்ததாகச் சொன்னார்கள். 2021இல் அது 57 சதவீதம். ஆண்களில் 29. மாணவிகளில் 30 சதவீதம் பேர் தற்கொலையைப் பற்றித் தீவிரமாக யோசித்திருந்தார்கள். 14 சதவீதம் பேர் பாலுறவுக்கு வலுக்கட்டாயப்படுத்தப்பட்டிருந்தார்கள். ஏறத்தாழ ஏழு பேரில் ஒருத்தி. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்த விஷயம். பெயரில்லாத ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கியபோது அது ஒரு நாட்டின் விஷயமாக மாறியது.

ஆகவேதான் இந்தத் தாள்மீது இவ்வளவு கோபமும் வருகிறது. ஃபுளோரிடா மாநிலம் 2022இல் இந்தக் கணக்கெடுப்பிலிருந்து விலகியது. 2025 ஜனவரி கடைசியில், பாலின அடையாளம் பற்றிய அரசாணையைத் தொடர்ந்து, இந்தக் கணக்கெடுப்பின் தரவுகளே சி.டி.சி. தளத்திலிருந்து நீக்கப்பட்டன. நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் திரும்பி வந்தன. எண்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் எண்ணுவதை நிறுத்தப் பார்க்கிறார்கள்.

நம் பள்ளிகளில்

உலக சுகாதார நிறுவனம் 2003இல் உலக நாடுகளுக்கென்று ஒரு பள்ளி மாணவர் உடல்நலக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. அதுவும் பெயர் எழுத வேண்டாத தாள்தான். இலங்கையில் 2008இலும் 2016இலும் நடந்தது. இந்தியாவில் 2007இல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நடந்தது. சி.பி.எஸ்.இ.யில் மட்டும் என்றால், மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் நம் ஊர் அரசுப் பள்ளி மாணவி அதில் இல்லை. பூப்படைந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டவள் எந்தப் பள்ளிக் கணக்கெடுப்பிலும் இல்லை.

அதே 2007இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளிக் குழந்தைகள் மட்டுமல்ல, வேலைக்குப் போகும் குழந்தைகள், தெருவில் வாழும் குழந்தைகள் என்று ஐந்து பிரிவினரிடம் கேட்டார்கள். 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஆண் குழந்தைகளும் கிட்டத்தட்டச் சம அளவில். செய்தவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். நம் குடும்பங்களில் இதெல்லாம் கிடையாது என்று பேசிவந்த நாட்டில் 2012இல் போக்சோ சட்டம் வந்ததற்குப் பின்னால் இந்த எண்ணுக்கும் பங்கு உண்டு. அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை.

2022 ஜனவரி முதல் மார்ச் வரை என்.சி.இ.ஆர்.டி. 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான 3,79,842 மாணவர்களிடம் மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. பெயர் எழுதுவது அவரவர் விருப்பம். படிப்பு, தேர்வு, தேர்வு முடிவு ஆகியவைதான் பதற்றத்துக்குக் காரணம் என்று 81 சதவீதம் பேர் சொன்னார்கள். நல்ல தொடக்கம். ஆனால், வீட்டில் அடி விழுகிறதா, யாராவது தொட்டார்களா என்ற கேள்விகள் இல்லாமல் பதற்றத்தை மட்டும் கேட்டால், பதில் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடும் என்பது என் சந்தேகம்.

பெயரில்லாத தாளுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. 'என்னை வலுக்கட்டாயப்படுத்தினார்கள்' என்று குறித்தவள் யார் என்று தெரியாது. தேடிப் போய் உதவ முடியாது. பெயர் தெரிந்தாலோ வேறு சிக்கல். போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் தண்டனை. குழந்தைகளைக் காக்க வந்த பிரிவுதான். ஆனால், வாயைத் திறந்தால் வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும் என்று தெரிந்த பெண் வாயைத் திறப்பாளா? ஆகவே இரண்டும் வேண்டும். எண்ணுவதற்குப் பெயரில்லாத தாள் வேண்டும். அதே நாளில், அதே பள்ளியில், அவள் விரும்பினால் பெயர் சொல்லிப் பேசுவதற்கு நம்பகமான ஓர் ஆளும் வேண்டும். தாளின் கடைசியில் 1098 என்ற எண்ணாவது அச்சாகியிருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் நாளை இப்படியொரு தாள் வந்தால் தயங்காமல் சில கேள்விகளைக் கேளுங்கள். நிரப்பிய தாளை யார் பார்ப்பார்கள்? நிரப்பும்போது ஆசிரியர் பக்கத்தில் வந்து நிற்பாரா? பெயர் இல்லை என்று சொல்லிவிட்டு, பிறந்த தேதியும் சாதியும் அப்பாவின் தொழிலும் கேட்டால் அந்த வகுப்பில் உங்களைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கேள்விகளை எழுதியவர்களில் பெண்கள் உண்டா? முடிவு எங்கள் பள்ளிக்குத் திரும்பி வருமா, வந்தால் என்ன மாற்றுவீர்கள்? கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுவீர்களா, ஆலோசகரை நியமிப்பீர்களா?

இந்தக் கேள்விகளுக்கு ஒழுங்கான பதில் வந்தால், உண்மையை எழுதுங்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஜேக்கபிக்கு வந்தவை 268 பதில்கள்தான். ஏழு கதைகளை வைத்து எழுதிய தீர்ப்புக்கு எதிராக நிற்க அவை போதுமானவையாக இருந்தன.